விருதுக்கு ஒரு பாட்டில்

பசுமை விருதுக்காக, சுத்திகரித்த கழிவுநீரில் ஒரு பாட்டில் கேட்டிருந்தது கம்பெனி. தேயிலை ஃபேக்டரி மேனேஜர் ராஜசேகர் வழி தேடிக்கொண்டிருந்தார். சுத்திகரிப்பு மெஷின் நின்று இரண்டு வருஷமாகிறது. கழிவெல்லாம் நேராக ஓடையில்தான்.

அந்த நேரம் பார்த்துத் தொழிலாளி அழகையா லீவு கேட்டு நின்றான். "மகளுக்கு வயித்தால போகுதுங்க சார். ஊட்டி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும்."

"அப்புறம் பாக்கலாம். முதல்ல நல்ல குடிதண்ணியா ஒரு பாட்டில் புடிச்சு, கழிவுநீர்னு லேபிள் ஒட்டி அனுப்பு."

பத்தாம் நாள் ரிசல்ட் வந்தது. மலக்கிருமியும் ரசாயனமும் கலந்த நீர், செடிக்குக்கூட ஆகாது.

"எங்கடா புடிச்சே?" மேனேஜர் எகிறினார்.

"எங்க லயத்து வீடுங்களுக்கு வர்ற குழாயிலதான் சார். முப்பது குடும்பமும் அதைத்தான் குடிக்கிறோம்."

ராஜசேகர் தலையில் அடித்துக்கொண்டார். "அறிவு கெட்டவனே! என் பங்களாவுல புடிக்க வேண்டியதுதானே?"