இரண்டடி

பந்துக்கும் குழிக்கும் நடுவே இரண்டடி தூரம்.

 மட்டையைத் தரையில் ஊன்றிவிட்டு, உள்ளங்கையைப் பேண்டில் துடைத்துக்கொண்டாள்.

கடைசிக் குழி. இதுவரை இருவரும் சமம். எதிர்த்து ஆடும் தாரிகா இந்தக் குழியில் ஐந்தாவது அடியில் பந்தைப் போட்டுவிட்டு ஓரமாக நிற்கிறாள். இவள் நான்கு அடித்தாயிற்று. ஐந்தாவது விழுந்தால் ஆட்டம் இன்னொரு குழிக்கு நீளும். விழாவிட்டால், பல்கலைக்கழக கோல்ஃப் அணியில் மிச்சமிருக்கும் ஒரே இடம் தாரிகாவுக்கு. இவள் பஸ் பிடித்து ஹாஸ்டலுக்குப் போய் செமஸ்டருக்குப் படிக்கலாம்.

இரண்டடி. சின்னப் பிள்ளைகூடத் தட்டிவிடும்.

பயமே அதுதான்.

அதைவிடப் பெரிய பயம் ஒன்று குழிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தது. காக்கிச் சட்டை, பச்சைத் தொப்பி, கையில் ஈரத்துண்டு. காலையிலிருந்து தாரிகாவின் பையைச் சுமக்கும் கேடி. நம்பர் நாற்பத்தொன்று.

அவளுடைய அப்பா.

கேடி வேண்டியவர்களுக்குச் சீட்டுக் குலுக்கினார்கள். அவர் நம்பர் வந்துவிடுமோ என்று பயந்து, அவள் கேடியே வேண்டாம் என்றுவிட்டாள். அது போய்த் தாரிகாவின் சீட்டில் வந்தது. அவர் மகளைப் பார்த்தார். அவள் குனிந்து ஷூ லேஸைக் கட்டினாள். ஏற்கெனவே கட்டியிருந்த லேஸ். அவருக்குப் புரிந்துவிட்டது. “குட் மார்னிங் மேடம்” என்று இருவருக்கும் பொதுவாக ஒன்றைச் சொல்லிவிட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

முதல் வருஷம் கோச் கேட்டார், அப்பா என்ன செய்கிறார் என்று.

“கிளப்புல இருக்காரு சார்.”

பொய்யில்லை. கோச் அதை மெம்பர் என்று எடுத்துக்கொண்டார். காலேஜ் டீமும் அப்படியே எடுத்துக்கொண்டது. அவள் திருத்தவில்லை. மூன்று வருஷமாகத் திருத்தவில்லை.

திங்கட்கிழமை கிளப்புக்கு விடுமுறை. அன்று கேடிகள் ஆடிக்கொள்ளலாம். அவள் ஆடப் பழகியதே அந்தத் திங்கட்கிழமைகளில்தான், பள்ளிக்கூடத்துக்கு வயிற்றுவலி என்று சொல்லிவிட்டு. பந்து குழிக்குப் பக்கத்தில் வந்து நின்றால் போதும், அப்பா குனிந்து எடுத்துவிடுவார்.

“இது விழுந்த மாதிரிதான் பாப்பா.”

மெம்பர்களுக்கும் அதே மரியாதைதான். இரண்டடிப் பந்தைத் தட்ட அவர் யாரையும் விட்டதில்லை. எடுத்து, துண்டில் துடைத்து, கையில் கொடுப்பார்.

கல்லூரிக்கு வந்த பிறகு கோச் அவளை நூறு முறை, இருநூறு முறை தட்டவைத்தார். கை பழகிவிட்டது. மனசு இன்னும் பழகவில்லை.

உட்கார்ந்து சரிவைப் பார்த்தாள். எழுந்தாள். மூச்சை இழுத்து விட்டாள்.

அப்போதுதான் பார்த்தாள்.

அப்பாவின் முதுகு வளைகிறது. வலது கை இறங்குகிறது. அவளுடைய பந்தை நோக்கி. இருபத்தாறு வருஷப் பழக்கம், கை அதுபாட்டுக்கு இறங்குகிறது. அவர் நினைப்பு வேறெங்கோ இருக்கிறது.

எதிராளியின் கேடி பந்தை எடுத்தால் எதிராளிக்கு ஓர் அடி கூடும். தாரிகாவின் ஐந்து ஆறாகிவிடும். அணியில் இடம் அவளுக்குக் கிடைத்த மாதிரிதான். அவள் முன்னாலேயே பார்த்துவிட்டது யாருக்கும் தெரியப்போவதில்லை. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும்.

கேடிக்கு என்ன ஆகும் என்பதும் அவளுக்குத் தெரியும். ஆபீசுக்குக் கூப்பிட்டு எழுதி வாங்குவார்கள். அடுத்த சீட்டுக் குலுக்கலில் நாற்பத்தொன்று இருக்காது.

கை பந்துக்கு ஒரு சாண் மேலே.

“அப்பா! தொடாதீங்க!”

கோச் திரும்பினார். தாரிகா அவளைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், மறுபடியும் அவளைப் பார்த்தாள்.

அவர் கை அப்படியே நின்றது. மெல்ல நிமிர்ந்தார். செய்ய இருந்த தப்பு இப்போதுதான் அவருக்கு உறைத்தது. மகள் தன்னை என்னவென்று கூப்பிட்டாள் என்பது அதற்கும் பிறகு உறைத்தது.

“சாரி மேடம்,” என்றார்.

இன்னும் அவளைக் காப்பாற்றப் பார்க்கிறார்.

அவளுக்கு அழுகை வந்தது. கோபமும் வந்தது, தன் மேல்தான். காலையில் கட்டிய அந்த லேஸைப் பிடுங்கி எறியலாம் போலிருந்தது.

பந்தின் பக்கம் போய் நின்றாள். கால்களைச் சரிசெய்துகொண்டாள். குழியில் கொடி நின்றது. அதை அப்படியே விட்டுவிட்டும் தட்டலாம். யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.

“அப்பா, அந்தக் கொடிய எடுத்துருங்க.”

இந்த முறை நிதானமாக, கோச்சுக்கும் கேட்கும்படி.

அவர் வந்து கொடியை உருவினார். ஒரே இழுப்பில் வருவது, இரண்டு முறை இழுக்க வேண்டியிருந்தது.