கஞ்சிக்கு அழைப்பு

ஞானப்பிரகாசத்தின் நுரையீரலில் கிளம்பிய புற்றுநோய், குடல்வரை இறங்கி வழியை அடைத்துவிட்டது. நோய் தீராது, ஆனால் இருக்கிற மாதங்களில் வாயால் சாப்பிடலாம் என்று சொல்லி, டாக்டர்கள் குடலை வெட்டி வேறு வழியாக இணைத்துவிட்டார்கள். காற்றுப் பிரிந்தால்தான் கஞ்சி. பிரிந்ததும் உறவினர்களுக்குத் தகவல் அனுப்ப, வயிற்றுக்குள் பொட்டளவில் ஒரு கருவியும் வைத்தார்கள். யார் யாருக்கு அனுப்ப என்று கேட்டதற்கு, மனைவி ஸ்டெல்லா பதற்றத்தில் மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைத்த பட்டியலையே நீட்டிவிட்டாள்.

நான்காம் நாள் காலை அது நடந்தது. மறுநிமிடம் நானூற்றுப் பன்னிரண்டு பேருக்குச் செய்தி போயிற்று. ஓய்வுபெற்ற தாசில்தார் வாழ்த்து அனுப்பினார். பங்குச் சாமியார் ஆண்டவருக்கு நன்றி சொன்னார். ஞானப்பிரகாசம் போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார்.

அப்போது தம்பி சூசை போனில் அழைத்தான். அந்தக் கல்யாணத்தில் தன்னைப் பந்திக்குக் கூப்பிடவில்லை என்று கோபித்துப் போனவன். பதினோரு வருடமாகப் பேச்சில்லை.

"அண்ணே, காத்து பிரிஞ்சிட்டாமே?"

"பிரிஞ்சிட்டுலே."

"இனி சாப்பிடலாமா?"

"கஞ்சிதான்."



"அதுக்காவது என்னைய முறையாக் கூப்பிடு."

ஞானப்பிரகாசம் போர்வையை விலக்கித் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"குடும்பத்தோட வந்துருலே."