மாமி செய்த சமரசம்

"ஒன்பது வருஷமா பழங்குடியினர் நிலத்தைத் தோண்டி கேஸ் எடுக்கறீங்க. அவங்களுக்குத் தரவேண்டிய ராயல்டி பங்குல பைப்லைன் செலவை யாரைக் கேட்டுக் கழிச்சீங்க?"

பெங்களூர் வைட்ஃபீல்ட் ஃப்ளாட்டில் லேப்டாப் முன் பொரிந்து தள்ளினாள் நிருபமா. அமெரிக்கப் பழங்குடியினருக்காகக் கேஸ் கம்பெனியின் கணக்கை இங்கிருந்தே தணிக்கை செய்பவள்.

"குத்தகைப் பத்திரத்துல இடமிருக்கு மேடம்" என்றான் திரையில் கேஸ் கம்பெனிக்காரன் ரகுராம்.

"பொய் சொல்லத் தனியா சம்பளம் தராங்களா?"

சென்னையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த இரு தரப்பு மேலதிகாரிகளுக்கும் பரம திருப்தி. எதிர்த் தரப்பைப் பார்த்துச் சிரித்தாலே வேலையை விட்டுத் தூக்குகிறவர்கள் அவர்கள்.

பக்கத்து வீட்டுக் கோமளம் மாமிக்கு மட்டும் தாங்கவில்லை. மூன்று மாதமாகச் சுவரில் காது வைத்தே கேட்டவர், திறந்திருந்த கதவு வழியே உள்ளே வந்துவிட்டார்.

"ஏண்டி, இப்படியா திட்டறது? ஒரு கேஸுக்காகவா? என்னோட ஸ்பேர் சிலிண்டரை எடுத்துக்கோ."

நிருபமா மைக்கை அணைப்பதற்குள் மாமி அடுத்த அறைக்குள் நுழைந்தார். திரையில் ரகுராமுக்குப் பின்னால் அதே மாமியின் தலை முளைத்தது.

"ஏண்டா ரகு, நீயாவது விட்டுக்கொடேன்" என்றவர், மேலதிகாரிகளைப் பார்த்துக் கை கூப்பினார்.

"பெரியவா நீங்களாவது சொல்லுங்கோ. கல்யாணமாகி நாலு வருஷமாச்சு. ஒரே ஆத்துல இருந்துண்டு, கம்ப்யூட்டர்லதான் சண்டை போடறதுகள்."