கருப்பின் கால்தடம்

வாடிப்பட்டி ஆஸ்பத்திரிக்கு இன்னும் இரண்டு மைல் இருக்க, வாய்க்கால் கரையின் களிச்சேற்றில் சிக்கிய வேன் அசைய மறுக்கிறது. உள்ளே முனியாயி பிரசவ வலியில் கதறுகிறாள். பின்னால் எட்டுப் பேர் கை வைத்து நிற்க, அவர்களில் ஒருவனான அவள் புருஷன் கருப்புதான் தொண்டை கிழியக் கத்துகிறான். "தள்ளுங்கப்பா! அம்புட்டுப் பேரும் சேர்ந்து தள்ளுங்க!" வேன் ஒரு விரற்கடைகூட நகரவில்லை. "இது ஆகாது மாப்ள, கட்டில்ல வச்சுத் தூக்கிருவோம்" என்கிறார் டிரைவர். பக்கத்துப் பம்புசெட்டிலிருந்து கயிற்றுக் கட்டில் வருகிறது. முனியாயியை அதில் கிடத்தி, கட்டில் காலுக்கு ஒருவராக நால்வர் குனிகிறார்கள். "ஒருத்தன் கை தளர்ந்தாலும் புள்ள கீழ விழுந்துரும், பாத்துக்கங்க" என்கிறார் டிரைவர். குனிந்த கருப்பின் கண்ணில், மத்தியான வெயிலில் மினுங்கும் சேறு படுகிறது. வேனைத் தள்ளிய எட்டுப் பேரின் தடங்களும், நின்று கதை பேசியவர்களுடையவைபோலத் தட்டையாகக் கிடக்கின்றன. ஒன்றில்கூட விரல் ஊன்றிய குழி இல்லை. அவற்றில் ஒரு தடத்துக்குச் சுண்டுவிரலே இல்லை. போன வருஷம் கரும்பு வெட்டுகையில் அரிவாள் பட்டுக் கருப்பு தன் காலில் இழந்த விரல் அது. "தூக்கு மாப்ள!" கட்டில் எழும்புகிறது. அதே தடத்தின் மேல் அவன் கால் கணுக்கால் வரை புதைகிறது.