சுபான் பாயின் கோடு

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தெட்டில், கடத்தூர்ச் சந்தையில் புளி விலை ஏறுமா இறங்குமா என்று தெரிய, அப்துல் சுபானின் கடைச் சுவரைப் பார்த்தால் போதும். அன்றாட விலையைச் செங்காவிக் கோடாக இழுத்துக்கொண்டே போவார். காளைத் திமில்போல இரண்டு மேடு எழும்பிக் கோடு கவிழ்ந்தால், விலையும் கவிழும்.

அன்று கடை பூட்டியிருந்தது. எதிர்க்கடை மாதையன் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். இரண்டாவது திமிலிலிருந்து கோடு தரைக்கே இறங்கியிருந்தது!

தன்னிடம் இருந்த புளியையெல்லாம் அன்றே விற்றுத் தள்ளிவிட்டார். அதைப் பார்த்து மற்ற வியாபாரிகளும் தள்ள, மறுநாளே விலை படுத்துவிட்டது.

மாதையன் சுபான் வீட்டுக்கு ஓடினார்.

“பாய், உங்க கோட்டாலதாங்க தப்பிச்சேன்!”

சுபான் போர்வையை விலக்கினார். “காய்ச்சல்ல படுத்ததுல இருந்து நான் கடைப்பக்கமே போவலீங்களே!”

குழம்பிப்போய், சுபானின் மனைவி ரோஷன் பீயும் சேர மூவருமாகக் கடையைத் திறந்தார்கள். ரோஷன் பீ, இறங்கிய கோட்டை விரலால் சுரண்டினாள். செம்மண் உதிர்ந்தது. உள்ளே கரையான் ஊர்ந்தது.

“இருங்க, மண்ணெண்ணெய் கொண்டாறேன்.”

“ஐயையோ, வேணாங்கம்மா!” மாதையன் குறுக்கே வந்து நின்றார். “அது மறுபடி மேல ஏறட்டுங்க. அப்பத்தான் நான் புளி வாங்கணும்!”