பதினேழாம் நம்பர் அட்டை

தன் கழுத்தைத் தானே அறுப்பது அவ்வளவு சுலபமாக இல்லை.

ஃப்ளெக்ஸ் தடிமனாக இருந்தது. கையில் பாதியாக உடைத்த பிளேடு. பந்தல்காரனின் ஸ்டூல் வேறு ஒரு பக்கமாக ஆடியது.

எட்டடி உயர பேனர். தெருமுனையில், எல்லோர் கண்ணிலும் படும்படி கட்டியிருந்தார்கள். மேலே 'கண்ணீர் அஞ்சலி'. நடுவில் வெள்ளைத் தொப்பி போட்ட ஒரு முகம், அதற்கு ஒரு ரோஜா மாலை. கீழே 'கிரிக்கெட் வீரர் ஜி. முனிரத்தினம்'. தோற்றம் ஒரு தேதி. மறைவு நேற்றைய தேதி.

பெயர் அண்ணனுடையது. செத்ததும் அண்ணன்தான்.

முகம், ஸ்டூல் மேல் நிற்கிற இவருடையது.

மீசை இரண்டு பேருடையதும் இல்லை. சிவகாசியில் யாரோ ஓர் ஆர்ட்டிஸ்ட் பிரஷ்ஷால் வரைந்தது.

அண்ணன், தம்பி இரண்டு பேருமே மாநில அணிக்கு ஆடியவர்கள். அண்ணன் இருபது மேட்ச். இவர் ஒன்றே ஒன்று. அந்த ஒன்றில் ஐந்து விக்கெட். ஐந்தாவது விழுந்ததும் ஒருத்தர் போட்டோ எடுத்தார். தொப்பியைப் பின்னால் தள்ளிக்கொண்டு, பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிற போட்டோ.

அடுத்த வாரம் முழங்கால் போனது. அதோடு ஆட்டமும் போனது.

மிஞ்சியது அந்தப் போட்டோ ஒன்றுதான்.

அந்த வருடம் பபுள்கம் கம்பெனி ஒன்று பாக்கெட்டுக்கு ஓர் ஆட்டக்காரர் அட்டை வைத்து விற்றது. பதினேழாம் நம்பர் அண்ணன். கம்பெனியில் எவனோ ஆள் தெரியாமல் இவர் போட்டோவை அங்கே ஒட்டிவிட்டான். அது போகட்டும். அச்சுக்கு முன்னால் சரிபார்க்கச் சொல்லி அண்ணனுக்குத்தான் அனுப்பினார்கள்.

'இது நானில்லை, என் தம்பி' என்று ஒரு வரி எழுதியிருந்தால் போதும்.

அந்த மகராசன் எழுதியது வேறு.

'மீசை விட்டுப்போச்சு. போட்டுக்குங்க.'

ஊரெல்லாம் பிள்ளைகள் இவர் முகத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அண்ணன் பெயரைச் சொல்லித் திரிந்தார்கள். இப்போது பழைய அட்டை சேர்க்கிற ஆட்கள் அதை 'ஒட்டு மீசை' என்று சொல்லிச் சிரிக்கிறார்களாம். தேடித் தேடி வேறு வாங்குகிறார்களாம். மீசையைக் கண்டுபிடித்த புத்திசாலிகளில் ஒருத்தனுக்கும் முகத்தைப் பற்றித் தெரியாது.

இவர் கேட்டது ஒன்றுதான். அது என் படம் இல்லை என்று அவன் வாயால் ஒரே ஒரு தடவை சொல்லட்டும்.

சொல்லவில்லை. முப்பத்துநாலு வருடம் இவரும் அந்த வாசலை மிதிக்கவில்லை.

அண்ணனுக்கு மகன் பிறந்தான். போகவில்லை. பைபாஸ் ஆபரேஷன் என்று ஃபோன் வந்தது. போகவில்லை. நேற்று சாயங்காலம் ஆள் போய்விட்டார் என்று வந்தது. "சரி" என்று ஃபோனை வைத்துவிட்டு மோர் ஊற்றிச் சாப்பிட்டார்.

இன்று காலையில் பழைய கிளப் ஆட்களின் வாட்ஸப்பில் இந்த பேனர் வந்தது.

இட்லியைப் பிட்ட கையைக் கழுவினாரா என்று இவருக்கே நினைவில்லை. ஷேர் ஆட்டோவில் ஏறினார். இறங்கிய இடத்தில் பெட்டிக்கடையில் பிளேடு வாங்கினார்.

செத்த பிறகுமா? உயிரோடு இருக்கிறவன் மூஞ்சிக்கு மாலையைப் போட்டு, மறைவு தேதியும் போட்டு, நடுத்தெருவில் தொங்கவிடுவதா? என்ன நெஞ்சழுத்தம் இருக்க வேண்டும்!

பிளேடு காது வரைக்கும் ஏறியிருந்தது. தலை ஒரு பக்கமாகத் தொங்க ஆரம்பித்தது. இதுவரை கயிறு கட்டுகிற ஆள் என்று நினைத்துப் பேசாமல் இருந்தவர்கள் இப்போதுதான் சத்தம் போட்டார்கள்.

அண்ணன் மகன் ஓடி வந்தான். அப்பாவின் சாயல் துளியும் இல்லாத பையன். இவரைக் கண்ணால் பார்த்தவன் இல்லை. இவர் வேட்டியைப் பிடித்து இழுத்தான்.

"யோவ்! யார்யா நீ? எறங்குய்யா கீழ!"

இவர் திரும்பினார்.

அவன் இவரைப் பார்த்தான். தொங்குகிற முகத்தைப் பார்த்தான். மறுபடி இவரைப் பார்த்தான். வேட்டியிலிருந்து கையை எடுத்துவிட்டான்.

அதற்குள் அண்ணி வந்துவிட்டாள். தலை கலைந்திருந்தது. அழுது முடித்த முகம். ஸ்டூலுக்குக் கீழே வந்து நின்று அண்ணாந்து பார்த்தாள்.

"அறுங்க தம்பி. நல்லா அறுங்க. ஆஸ்பத்திரியில அவர்தான் சொன்னாரு. அந்த அட்டையில இருக்கிறதையே போடுங்க, என் படத்தைப் போட்டா அவன் வரமாட்டான்னு."

பிளேடு நின்றது.

என் படத்தைப் போட்டால்.

சொல்லித் தொலைத்திருக்கிறான். கடைசியில் சொல்லித்தான் இருக்கிறான். ஆனால் இவரிடம் இல்லை. பெண்டாட்டியிடம். அதுவும் இவர் என்ன செய்வார், எப்படி ஓடி வருவார் என்று கணக்காகத் தெரிந்துகொண்டு. பாவி, படுத்த படுக்கையிலும் இவரை ஆட்டி வைத்திருக்கிறான்.



இறங்கினார். பிளேடு விரலில் கிழித்திருந்தது, அதைக்கூடப் பார்க்கவில்லை. பந்தலைத் தாண்டி, செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே போனார். கண்ணாடிப் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்திருந்த பெண்கள் பயந்து ஒதுங்கினார்கள்.

உள்ளங்கையால் கண்ணாடி மேல் ஓங்கி ஓர் அடி அடித்தார்.

"எந்திரி," என்றார். "எந்திரிச்சு என்னைப் பார்த்துச் சொல்லு."