பிரிக்காத கட்டுகள்

"அந்தப் பட்டியலை உன் கையில கொடுத்தது யாருன்னு மட்டும் சொல்லும்மா. திங்கட்கிழமையே வேலைக்கு வந்துடலாம்."

செய்தி ஆசிரியர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கேட்டார். எதிரே உட்கார்ந்திருந்த மாணவி மேஜையைப் பார்த்தபடியே கைக்குட்டையை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

"அதைச் சொல்ல முடியாது சார்."

ஊரிலேயே பெரிய நாளிதழ் அது. கோடை விடுமுறையில் நிருபர் பயிற்சிக்கு இரண்டே இடம், விண்ணப்பித்தவர்கள் நூற்று நாற்பது பேர். 'உங்கள் எழுத்தில் சிறந்த ஒன்றை இணைக்கவும்' என்று படிவத்தில் கேட்டிருந்தார்கள். இவளும் இணைத்தாள். எதை? இதே நாளிதழைப் பற்றிக் கல்லூரிப் பத்திரிகையில் இவள் எழுதிய கட்டுரையை. தினமும் பதினெட்டாயிரம் பிரதிகள் எந்தக் கடைக்கும் போகாமல், கட்டுகூடப் பிரிக்காமல் நேராகப் பழைய காகிதம் அரைக்கும் ஆலைக்குப் போகின்றன, விளம்பரம் கொடுப்பவர்களிடம் விற்பனையைப் பெரிதாகக் காட்டத்தான் இத்தனையும் என்று உள்ளிருந்து கிடைத்த ஒரு பட்டியலை வைத்துத் தேதி, வண்டி எண்ணோடு எழுதியிருந்தாள். அதைக் கொண்டுவந்து இவர்களிடமே நீட்டியதற்குத் துணிச்சல் என்றும் பேர் வைக்கலாம், கொழுப்பு என்றும் வைக்கலாம்.

"இதை அனுப்பினா கூப்பிடவே மாட்டாங்கன்னு தோணலையா?" என்று கேட்டார் பணியாளர் பிரிவு அதிகாரி. அந்த அம்மாள் ஒருவர்தான் அவளிடம் தண்ணீர் டம்ளரை நகர்த்தி வைத்தவர்.

"தோணுச்சு மேடம். ஆனா நான் எழுதினதுல இதுதான் நல்லா வந்திருக்கு."

இருவருக்கும் நடுவில் இருந்த தலைமை ஆசிரியர் சிரித்துவிட்டார். சிரித்திருக்கக் கூடாது என்று தோன்றியதோ என்னவோ, உடனே தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"கட்டுரையில தப்புன்னு நான் சொல்ல வரலைம்மா. அந்தப் பட்டியல் இந்தக் கட்டடத்துல ஆறேழு பேர் கண்ணுலதான் படும். அதுல எவரோ ஒருத்தர் வெளிய கொடுத்திருக்கார். யாருன்னு தெரிஞ்ச அன்னிக்கே அவரை வீட்டுக்கு அனுப்பிடுவேன். எனக்கு அந்தப் பேரு வேணும்."

செய்தி ஆசிரியர் விடுவதாக இல்லை. வாயைப் பிடுங்குவதில் மனிதர் கெட்டிக்காரர்.

"வண்டி ஓட்டுறவரா?"

"ஆமான்னும் சொல்ல மாட்டேன், இல்லைன்னும் சொல்ல மாட்டேன் சார்."

"அச்சுக்கூட ஃபோர்மேனா? அவர் பொண்ணு உங்க காலேஜ்லதானே படிக்குது. நீ வாயைத் திறக்க வேண்டாம், தலையை மட்டும் ஆட்டு. போதும்."

அவள் முதல் தடவையாக நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

"அவர் இல்லை சார். அவரை நான் பார்த்ததுகூடக் கிடையாது. இதை மட்டும் சொல்றேன், ஏன்னா சும்மா இருந்தா அவர் தலை உருளும்."

"அப்ப வேற யாரு?"

அவள் மறுபடி மேஜையைப் பார்க்கத் தொடங்கினாள்.

"இந்த இடம் கிடைக்கலைன்னா என்ன செய்வே?" என்று மெதுவாகக் கேட்டார் அந்த அம்மாள்.

"மத்த பத்திரிகையில எல்லாம் ஆள் எடுத்து முடிச்சுட்டாங்க மேடம். இதுவும் இல்லைன்னா பேசாம பேங்க் பரீட்சைக்குப் படின்னு அப்பா சொல்லிட்டார்."

எட்டாம் வகுப்பிலிருந்து நிருபர், நிருபர் என்று வீட்டை உண்டு இல்லை என்று ஆக்கியவள். ஒரே ஒரு பேரைச் சொன்னால் போதும், எல்லாம் கைக்கு வந்துவிடும்.

"கடைசியா கேட்கிறேன்," என்றார் தலைமை ஆசிரியர். "பேரைச் சொல்றியா, எழுந்து போறியா?"

"சொல்ல மாட்டேன்னு வாக்குக் கொடுத்திருக்கேன் சார். இன்னிக்கு உங்ககிட்ட சொல்லிட்டா, நாளைக்கு உங்க பத்திரிகைக்காகவே நான் போய் நின்னாலும் யார் சார் என்னை நம்பிப் பேசுவாங்க?"

தலைமை ஆசிரியர் அவளுடைய விண்ணப்பத்தை எடுத்து இன்னொரு தடவை புரட்டினார். இடத்தைக் கொடுத்துவிடுவார் போலத்தான் இருந்தது. ஆனால் அதைச் செய்தி ஆசிரியர் பக்கம் தள்ளிவிட்டார்.

"உங்ககிட்ட வேலை செய்ய வேண்டிய பொண்ணு. நீங்களே முடிவு பண்ணுங்க."

செய்தி ஆசிரியர் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. "இப்படிப்பட்ட ஆளை உள்ள விட்டா நமக்குத்தான் தலைவலி சார்," என்று சொல்லி, விண்ணப்பத்தின் மேல் 'வேண்டாம்' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார்.

அவள் மூவருக்கும் நன்றி சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். லிப்டுக்காகக் காத்து நிற்கப் பிடிக்காமல் படியில் இறங்கினாள். முதல் வளைவிலேயே அழுகை முட்டிக்கொண்டு வந்தது. வரட்டும் என்று விட்டுவிட்டாள்.

பின்னாலிருந்து அவசரமாக யாரோ இறங்கி வரும் சத்தம் கேட்டது. திரும்பினாள். செய்தி ஆசிரியர்.

அவர் படியில் மேலே ஒரு தடவை, கீழே ஒரு தடவை பார்த்தார். யாரும் இல்லை.

"கோபமாம்மா? எனக்கு வேற வழி தெரியலை," என்றார். உள்ளே அதட்டிய குரல் எங்கே போனதோ.

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அந்தப் பட்டியலை உங்ககிட்ட வாங்கும்போதே உங்க பேரைச் சொல்ல மாட்டேன்னு வாக்குக் கொடுத்தேன், காப்பாத்திட்டேன் சார்," என்றாள். "ஆனா அந்த ஃபோர்மேனை நீங்க மாட்டிவிடப் பார்த்திருக்கக் கூடாது."